கூழும் களியும் எப்போது, வெள்ளைச் சோறு எப்போது?

கேள்வி

எனக்கு வயது 44, எடை 70 கிலோ. சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஓடிவருகிறேன். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.30 மணிக்குத் தொடங்கும் அரை நெட்டோட்டத்துக்கு (அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர்) முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஏழு வாரங்கள் உள்ளன. நண்பர்கள் பாஸ்தா, ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழான ஜெல் என்கிறார்கள். எனக்கோ நம் ஊர் உணவின் மீதுதான் நம்பிக்கை. ஆனால் ஜூலையில் ஓடிய 10 கிலோமீட்டர் போட்டிக்கு முந்தைய இரவு, அம்மா செய்த கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் கூட்டும் கொண்டைக்கடலைச் சுண்டலும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஏழாவது கிலோமீட்டரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறையைத் தேட வேண்டியதாயிற்று. சத்தான உணவு எப்படிக் காலை வாரியது? வெள்ளியும் சனியும் நான் சைவம். அப்பாவுக்கு நீரிழிவு இருந்ததால் வெள்ளைச் சோற்றை வெகுவாகக் குறைத்துவிட்டேன். சென்ற வாரம் 15 கிலோமீட்டர் ஓடியபோது எடை 70.2 கிலோவிலிருந்து 68.6 ஆக இறங்கியது. ஒரு மணி 45 நிமிடம் ஓடினேன், வழியில் அரை லிட்டர் தண்ணீர் குடித்தேன். போட்டி நடக்கும் வார இறுதியில் எதைச் சாப்பிடுவது, எதைக் குடிப்பது? களியைக் குறை சொன்னதில் அம்மாவுக்கும் வருத்தம்.

பதில்

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அம்மாவின் வருத்தத்துக்கும் உங்கள் வயிற்றுக் கோளாறுக்கும் விடை ஒன்றுதான். களி நல்ல உணவு. முருங்கைக்கீரையும் கொண்டைக்கடலையும் அப்படியே. உணவியல் நிபுணராக, என்னைத் தேடி வரும் ஓட்டக்காரர்களை வாரத்தில் பல நாள் இவற்றைச் சாப்பிடச் சொல்பவள் நான். ஆனால் விடியுமுன் ஓடப் போகிறவர் முந்தைய இரவு இவற்றை உண்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. நீண்ட காலத்துக்கு உடலைக் கட்டும் உணவு வேறு, ஓட்டத்துக்கு முந்தைய ஒன்றரை நாளில் வயிற்றுக்குத் தொல்லை தராமல் தசையை நிரப்பும் உணவு வேறு என்பதை நீங்கள் பிரித்துப் பார்த்துவிட்டால், ஜெல்லையும் பாஸ்தாவையும் தேடிப் போகாமலே இந்தப் போட்டியை நம் சமையலைக் கொண்டு ஓடி முடிக்கலாம்.

அன்று நடந்தது இதுதான். கேழ்வரகிலும் கீரையிலும் கடலையிலும் உள்ள நார்ச்சத்து சிறுகுடலில் செரிப்பதில்லை. அது பெருங்குடல் வரை போய், தன்னோடு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைக்கும்போது வாயுவும் உண்டாகிறது. கடலையிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளும் அவ்வாறே நொதிக்கின்றன. சாதாரண நாளில் குடலுக்கு இவையெல்லாம் நன்மையே. ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. வேலை செய்யும் தசைகளுக்கு இரத்தம் திருப்பிவிடப்படுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் உடற்சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் மிகுதியான இரத்தம் தேவைப்படுகிறது. அந்த இரண்டுக்கும் கொடுத்ததுபோக, குடலுக்குக் கிடைப்பது மிகவும் குறைந்துபோகிறது. இரத்தம் குறைந்த குடலில் பாதி செரித்த சுமை இருக்க, ஒவ்வோர் அடிக்கும் அது குலுங்கினால் என்ன ஆகும் என்பதை ஏழாவது கிலோமீட்டரில் நீங்களே கண்டுவிட்டீர்கள்.

ஆகவே இந்த ஏழு வாரங்களில் முதல் ஆறரை வாரங்கள் அம்மாவின் கையில் இருக்கட்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதே எடைப் பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம்தான். கேழ்வரகிலுள்ள சில பொருள்கள் அந்தச் சத்து முழுவதையும் உடலில் சேரவிடுவதில்லை என்பது உண்மைதான், ஆனால் மாவைப் புளிக்கவைத்துக் கூழாக்கும்போதும், முளைகட்டி அரைக்கும்போதும் அந்தத் தடை குறைகிறது. நம் பாட்டிமார் மாவை முதல் நாளே கரைத்து வைத்ததற்குச் சுவை மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நான் எண்ணுவதுண்டு. நாற்பதைத் தாண்டிய ஓட்டக்காரரின் எலும்புக்கு இதைவிட மலிவான உதவி கிடைப்பது அரிது. தேக்கா சந்தையில் சில வெள்ளிக்கே ஒரு பொட்டலம் மாவு கிடைக்கும்.

‘நம் ஊர் உணவு’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெளியிலிருந்தே வாங்குகிறது. இங்கே விளைவது முட்டை, சில கீரை வகைகள், கொடுவா போன்ற மீன்கள் என்று ஒரு சிறு பட்டியலுக்குள் அடங்கிவிடும். அதனால் இந்த ஊரில் ஒருவர் உள்ளூர் உணவு என்னும்போது, அது விளைந்த மண்ணைவிட அதைச் சமைத்த கைகளையே குறிப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் இட்லி எவ்வளவு நம்முடையதோ அவ்வளவு தெம்பேயும் நம்முடையது. சைவம் உண்ணும் வெள்ளி, சனிக்கிழமைகளில் உங்களுக்குப் புரதம் குறைந்துவிடக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன். ஜாவாவிலிருந்து வந்த தெம்பே, சோயா அவரையை நொதிக்கவைத்துச் செய்வது. 100 கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. மெல்லியதாக அரிந்து, மிளகும் மஞ்சளும் உப்பும் தடவி, தோசைக்கல்லில் இரண்டு சொட்டு எண்ணெயில் வாட்டிப் பாருங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். தவ்குவா (கெட்டியான சோயாக்கட்டி), பயறு, தயிர் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்ளலாம். உணவங்காடி நிலையத்தில் சாப்பிட நேர்ந்தால் ஹக்கா மக்களின் லெய் சா சோற்றைப் பாருங்கள். பொடியாக நறுக்கிய கீரைகள், தவ்குவா, வறுத்த வேர்க்கடலை ஆகியவற்றைச் சோற்றின் மேல் பரப்பி, தேயிலையும் நறுமண இலைகளும் அரைத்துக் கரைத்த பச்சைச் சாற்றை ஊற்றிச் சாப்பிடும் அந்த உணவை, நெத்திலி வேண்டாம் என்று சொல்லிச் சைவமாகவே வாங்கிக்கொள்ளலாம். பயிற்சிக் காலத்துக்கு அது மிகப் பொருத்தமான உணவு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நெடுந்தூரம் ஓடுபவர்களிடம் நான் அடிக்கடி காணும் குறை அது. தரையில் பாதம் மோதும்போது சிவப்பணுக்கள் சிறிதளவு உடைவதாலும், வியர்வையில் கொஞ்சம் வெளியேறுவதாலும் ஓட்டக்காரர்களுக்கு இரும்புச்சத்து படிப்படியாகக் குறையக்கூடும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதைப்போல எளிதில் உடலில் சேர்வதில்லை. அதோடு சாப்பிட்ட கையோடு ஒரு தே தாரிக் (பால் தேநீர்) குடித்தால், தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் அதில் கணிசமான பங்கைத் தடுத்துவிடுகின்றன. தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிவையுங்கள். இரும்பு உடலில் சேர உதவும் சிறு எலுமிச்சையான லிமாவ் கஸ்தூரி ஒன்றைக் கூட்டின் மேல் பிழிந்துகொள்ளுங்கள். காரணமில்லாத களைப்பு நீடித்தால், பலதுறை மருந்தகத்தில் இரத்தத்தில் இரும்பின் சேமிப்பு அளவைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரையை மட்டும் நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள்.

இனி அந்த வார இறுதிக்கு வருவோம். வெள்ளிக்கிழமை மதிய உணவோடு நார்ச்சத்து மிகுந்தவற்றுக்கு இடைவேளை விட்டுவிடுங்கள். அன்று இரவிலிருந்து உங்கள் தட்டில் வெள்ளைச் சோறும் இட்லியும் இடியாப்பமும் இருக்க வேண்டும். நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. நீரிழிவு இருந்த தந்தைக்குப் பிறந்த பிள்ளை சோற்றைக் குறைத்துக்கொண்டது நல்ல முடிவு, மற்ற நாள்களில் அதையே தொடருங்கள். ஆனால் மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்துவைக்கிறது. இரண்டரை மணி நேர ஓட்டத்துக்கு அதுவே முதன்மையான எரிபொருள். பயிற்சியைக் குறைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும் கடைசி இரண்டு நாள்களில் உண்ணும் சோறு பெரும்பாலும் அந்தச் சேமிப்புக்குத்தான் போகும். உங்களுக்கே நீரிழிவு இருந்து மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால் நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். அத்தகைய வாசகர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த ஆலோசனையைப் பின்பற்ற வேண்டாம்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? முழு நெட்டோட்டக்காரர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 கிராமுக்கும் மேல் மாவுச்சத்து சொல்லப்படுவதுண்டு. அரைத் தூரத்தை முதன்முறையாக ஓடும் உங்களுக்கு 6 முதல் 7 கிராம் போதும், அதாவது சனிக்கிழமை முழுவதற்கும் 420 முதல் 490 கிராம். இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கும். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம். ரொட்டித் துண்டு ஒன்றில் சுமார் 14 கிராம். சிறிய பிசாங் மாஸ் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 12 கிராம். காலையில் ஐந்து இட்லியும் இரண்டு பழமும், பத்தரை மணிக்குப் பழ ஜாம் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகளும், மதியம் 350 கிராம் சோறும் ரசமும், நாலு மணிக்குச் சர்க்கரை தூவிய இடியாப்பமும், மாலையில் மறுபடி சோறும் என்று போனால், இடையிடையே குடிக்கும் இனிப்பான பானங்களையும் சேர்த்து அந்த அளவு தானாக வந்துவிடும். வயிறு முட்ட எதையும் உண்ண வேண்டியதில்லை. அளவாக, பலமுறை உண்ணுங்கள். கெட்டியான சாம்பாருக்குப் பதில் ரசமோ தெளிந்த பருப்புத் தண்ணீரோ போதும். தொட்டுக்கொள்ள வாட்டிய தவ்குவா, பழக்கம் இருந்தால் தயிர். தேங்காய்ச் சட்னி, பரோட்டா, நாசி லெமாக், நெய் மிதக்கும் பிரியாணி எல்லாம் ஞாயிறு மதியத்துக்கு ஒத்திவைக்கப்பட வேண்டியவை. கொழுப்பு இரைப்பையை விட்டு வெளியேற நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். அன்று எடை ஒரு கிலோ கூடியிருந்தால் பதறாதீர்கள். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்தே தங்குகிறது.

போட்டி எண் அடங்கிய பையை வாங்கப் போகும் நாளைக் குறித்து ஓர் எச்சரிக்கை. அதை வழங்கும் அரங்குகளில் மக்கள் மூன்று மணி நேரம் நின்றும் நடந்தும் கால்களைச் சோரவைத்துக்கொள்கிறார்கள், மதிய உணவைத் தவறவிடுகிறார்கள், இலவசமாகக் கொடுக்கும் சத்துக் கட்டிகளையும் தூள் பானங்களையும் வாய்க்கு வந்தபடி சுவைத்துப் பார்க்கிறார்கள். பையை வாங்கிக்கொண்டு உடனே வீடு திரும்புங்கள்.

சனிக்கிழமை இரவுணவை ஆறு மணிக்கே முடித்து, எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் கவலை வேண்டாம், படுத்திருப்பதே ஓய்வு. பழைய சோறும் நீராகாரமும் எனக்கும் பிடித்தவையே, ஆனால் நம் வெப்பத்தில் இரவு முழுவதும் வெளியே இருந்த சோற்றில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பெருக வாய்ப்புண்டு என்பதால் அந்த ஓர் இரவில் அதைத் தவிருங்கள்.

ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து சாப்பிட்டே ஆக வேண்டும். இரவு முழுவதும் மூளைக்கு எரிபொருள் கொடுத்த கல்லீரலின் சேமிப்பு விடியலில் பெருமளவு குறைந்திருக்கும். வெறும் வயிற்றோடு வரிசையில் போய் நிற்பவர்கள் பதினைந்தாவது கிலோமீட்டரில் தலை கிறுகிறுத்து நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் எடைக்கு 70 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். நான்கு இட்லியைச் சட்னியும் பொடியும் இல்லாமல், சிறுவயதில் சாப்பிட்டதைப்போல வெறும் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுங்கள். பிறகு ஒரு பிசாங் மாஸ், அதன் பின் 350 முதல் 500 மில்லி தண்ணீரை மெல்ல மெல்லக் குடியுங்கள். அந்நேரத்தில் வாயில் எதுவும் இறங்காது என்று தோன்றினால், முதல் நாளே பச்சரிசியைக் குழைய வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். எழுந்ததும் அதில் வெந்நீர் விட்டு மசித்து, நன்கு கொதிக்கவைத்து, உப்பும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்த்தால் கஞ்சி தயார், குடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நாள்தோறும் காப்பி குடிப்பவர் என்றால் அரைக் கோப்பை காப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடிக்கலாம். அது உற்சாகம் தருவதோடு மலங்கழிக்கவும் தூண்டும். அந்த வேலை வீட்டிலேயே முடிந்துவிடுவது நல்லதுதானே! அந்நேரத்தில் எம்ஆர்டி ரயில் வழக்கமாக ஓடாது என்பதால், வாடகைக் காரோ ஏற்பாட்டுப் பேருந்தோ எதில் போவது என்பதைச் சனிக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள்.

குடிப்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் இருந்த எண்கள் எனக்குப் பெரிதும் உதவின; எல்லா வாசகர்களும் இப்படி எடை பார்த்து எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும். 1.6 கிலோ குறைந்திருக்கிறது, அரை லிட்டர் குடித்திருக்கிறீர்கள், ஆக 2.1 லிட்டர் வியர்த்திருக்கிறது, மணிக்கு 1.2 லிட்டர். விடியற்காலையில் இங்கே வெப்பம் குறைவாக இருந்தாலும் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும்; வியர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருப்பதால் உடல் குளிர்வதில்லை, குளிராததால் இன்னும் வியர்க்கிறது. இதே வேகத்தில் அரை நெட்டோட்டத்தை முடிக்க உங்களுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்குள் மூன்று லிட்டர் போகும். அத்தனையையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. உடல் எடையில் இரண்டு விழுக்காடு, அதாவது 1.4 கிலோ குறைவதைப் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்வார்கள். மீதிக்கு மணிக்கு 500 முதல் 650 மில்லி என்று, தாகத்தை ஒட்டிக் குடித்தால் போதும்.

இந்த வரம்பை மீறிக் குடிப்பது குறைத்துக் குடிப்பதைவிடப் பெரிய ஆபத்தாகவும் முடியலாம். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் நெட்டோட்டத்தில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தை ஆய்வு செய்து, 2005-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் ஆரோக்கியமான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்கள், அதில் முதன்மையாக இருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று இரண்டு கோப்பை குடித்தே தீருவது என்ற வைராக்கியம் வேண்டாம். ஓட்டத்துக்குப் பின் தலைவலியும் குமட்டலும் குழப்பமும் ஒன்றுசேர்ந்து வந்தால், மேலும் தண்ணீர் குடிக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குச் செல்லுங்கள்.

கையில் எடுத்துச் செல்லும் பானத்தை வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, நான்கைந்து லிமாவ் கஸ்தூரியின் சாறு. இதில் ஏறத்தாழ 50 கிராம் மாவுச்சத்தும் 600 மில்லிகிராம் அளவுக்குச் சோடியமும் இருக்கும். கடைகளில் விற்கும் விளையாட்டுப் பானங்களுக்கு இது சளைத்ததன்று. கூலா மெலாக்கா என்ற தென்னைவெல்லத்தைக் கரைத்தால் மணம் கூடும், சர்க்கரை சர்க்கரைதான். 2022 டிசம்பர் 30 முதல் பானப் புட்டிகளில் வந்துள்ள, ஏ முதல் டி வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரையைப் பார்த்துப் பழகியவர்கள், விளையாட்டுப் பானம் ஒன்றில் ‘சி’ என்று கண்டால் தயங்குகிறார்கள். 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை சர்க்கரை இருந்தால் ‘சி’ தான் கிடைக்கும். மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது அந்தத் தயக்கம் நியாயமானது. ஓடிக்கொண்டிருக்கும் இரண்டரை மணி நேரத்தில் அந்தச் சர்க்கரைக்காகத்தான் அதைக் குடிக்கிறோம். இளநீர் ஓட்டத்துக்குப் பிறகு அருமையானது, ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் பெரிதும் இழப்பது சோடியத்தை என்பதால், ஓடும்போது இளநீரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு 35 முதல் 40 கிராம் சரியாக இருக்கும். ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும்; அதன்மேல் எனக்குப் பகை இல்லை, ஒத்துக்கொள்பவர்கள் பயன்படுத்தட்டும். அதற்கு மாற்றாக, சிறிய பேரீச்சம்பழங்கள் நான்கு இருந்தால் ஏறத்தாழ அதே அளவு கிடைத்துவிடும். விதையை நீக்கி, நீளவாக்கில் இரண்டாக அரிந்து, துளி உப்பைத் தடவி, எண்ணெய் ஒட்டாத காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். வியர்வைக் கையோடு ஓட்டத்தில் பிரிக்க எளிதாக இருக்கும். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் ஓடினால் அது தானே கரையும். கார்த்திகை மாதமாயிற்றே, தீபத்துக்குப் பிடித்த பொரி உருண்டையை எடுத்துப்போகலாமா என்று சென்ற ஆண்டு ஒருவர் என்னிடம் கேட்டார். காரில் போகும்போது ஓர் உருண்டை சாப்பிடலாம், வெல்லமும் பொரியும் சுலபமாகச் செரிப்பவை. ஓடும்போது மட்டும் வேண்டாம், வறண்ட பொரி மூச்சிரைக்கும் தொண்டையில் புரையேறிவிடும். கடலை மிட்டாயையும் கடலையிலுள்ள கொழுப்புக்காகத் தவிர்க்கச் சொல்வேன்.

ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சோறு, இட்லி, தோசை என ஏதாவது ஒன்றோடு 20 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். ஞாயிறு உங்களுக்கு அசைவ நாள் என்பதால், பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரு கிண்ணம் மீன் சூப்பும் சோறும் சாப்பிட்டால் உப்பும் நீரும் புரதமும் மாவுச்சத்தும் ஒரே தட்டில் வந்துவிடும். குறைந்த எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் குடித்துவிடுங்கள்.

இவற்றில் எதையும் போட்டி நாளன்று முதன்முறையாகச் செய்யாதீர்கள். அடுத்த நான்கு வாரங்களில் உங்களுக்கு இரண்டு நீண்ட ஓட்டங்களாவது இருக்கும். அந்த இரண்டு முறையும் முந்தைய நாள் வெள்ளைச் சோறு, இரண்டு மணிக்குச் சர்க்கரை தொட்ட இட்லி, நாலரை மணிக்கு ஓட்டம், கையில் உப்புத் தடவிய பேரீச்சை என்று அச்சுப் பிசகாமல் செய்து பாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடினால் வழிநெடுகக் கழிவறைகள் உண்டு, ஒத்திகைக்கு ஏற்ற இடம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறித்துவைத்து, அதை மட்டும் மாற்றுங்கள்.

அம்மாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். சனிக்கிழமை காலையில் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு பத்து மணிக்கு நீங்கள் பதக்கத்தோடு வீட்டுக்கு வரும்போது, மோர் விட்டுக் கரைத்த கூழும் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மேசைமேல் தயாராக இருக்கட்டும். முருங்கைக்கீரையும் சுண்டலும் அன்று மதியம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.